இடுப்புத் தறியில் ஒரு வானவில்: ஓசிங் சடங்குத் துணியை நெய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

ஜாவாவின் கிழக்குக் கோடியில், பாலிக்குப் படகு ஏறும் கெத்தாபாங் துறைக்கு அருகில் இருக்கிறது பன்யூவாங்கி. பழைய பிளம்பாங்கான் அரசின் மண். ஜாவாவில் கடைசிவரை தாக்குப்பிடித்த இந்து அரசு அதுதான். 1771-72இல் பாயு என்ற இடத்தில் டச்சுக் கம்பெனியோடு நடந்த போரில் சிதறி, மிஞ்சியவர்களின் வழிவந்தவர்களே இன்றைய ஓசிங் மக்கள். இப்போது பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனாலும் அறுவடை, பிறப்பு, திருமணம் எல்லாவற்றிலும் பழைய சடங்குகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் பேச்சில் 'ஓசிங்' என்றால் 'இல்லை' என்று பொருள்.

அந்த 'சிங்' கடலைத் தாண்டி பாலியிலும் உண்டு. நீள நூல், குறுக்கு நூல் இரண்டையும் கட்டிச் சாயமேற்றிய பிறகு நெய்யும், தெங்கானான் ஊரின் பெயர்பெற்ற இரட்டை இக்கத் துணிக்கு கெரிங்சிங் என்று பெயர். 'கெரிங்' நோய், 'சிங்' இல்லை. நோய் அண்டாத துணி. கடலின் இரு கரைகளிலும் நெசவைப் பற்றிய எண்ணம் ஒன்றுதான் என்பதற்கு இந்தச் சொல்லே போதும். துணி உடம்பை மூடுவதோடு, உடம்புக்குக் காவலாகவும் நிற்கிறது.

இந்த வழிகாட்டியில் அப்படி ஒரு கோடுபோட்ட துணியை, ஓசிங் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்யும் வகையான இடுப்புத் தறியில், நூலிலிருந்து குஞ்சம் வரை நெய்து பார்க்கப்போகிறோம். வீட்டில் ஒரு தூணோ சன்னல் கம்பியோ இருந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

பன்யூவாங்கித் துணி என்று கேட்டால் எல்லோரும் முதலில் காட்டுவது காஜா ஓலிங். யானைத் துதிக்கை போலவும் கேள்விக்குறி போலவும் வளைந்து, இலையும் பூவும் சூழ்ந்த உரு. அழகானதுதான். ஆனால் அது பாத்திக்; மெழுகால் எழுதிச் சாயமேற்றியது. நெசவில் உண்டான உரு அல்ல.

இன்னொன்று மெத்தை. கெமிரென் ஊரில் துல்ஹஜ் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வீடு வாசலில் மெத்தை காய்கிறது. மேலே கறுப்பு, ஓரம் சிவப்பு. ஊர் முழுக்க ஒரே நிறம். மணமகளுக்குப் பெற்றோர் கொடுத்தனுப்பும் மெத்தை அது. பிரம்பால் அடித்துத் தூசி தட்டிப் பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். அன்று இரவு தெருவெல்லாம் கூம்பாகக் குவித்த தும்பெங் சோறு வைத்து விருந்து. துணிக்கும் சடங்குக்கும் உள்ள உறவைப் பார்க்க இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆனால் இதுவும் நம் விஷயமில்லை.

நம் விஷயம் கிரி வட்டத்தில் உள்ள ஜம்பேசாரி கிராமத்தின் நெசவு. அங்கே தறிக்கு கெடோகான் என்று பெயர். அடிக்கும்போது எழும் 'டோக் டோக்' சத்தத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். கெலுவுங், சோலோக், போதோ லுமுத் என்பவை அந்தத் தறியில் நெய்யும் துணிகளின் பெயர்கள். கெலுவுங் என்றால் வானவில். போதோ லுமுத்தை அப்படியே தமிழில் சொன்னால் பாசி படர்ந்த செங்கல். பெயரைக் கேட்டாலே மழைக்காலத்துக் கிணற்றடி கண்முன் வருகிறது இல்லையா? நாம் வானவில்லை எடுத்துக்கொள்வோம்.

யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

தறிக்கு முன்னால் இந்தக் கேள்வி வர வேண்டும். நம்மூர்த் தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றினால் நாலைந்து சேலை தொடர்ந்து வரும். யார் வாங்குவார்கள் என்பது கடைக்காரர் கவலை. இடுப்புத் தறியில் ஒரு பாவுக்கு ஒரு துணிதான். அதனால் நெய்கிறவளுக்கு நூலை அளக்கும்போதே அது யார் தோளில் கிடக்கப்போகிறது என்பது தெரிந்திருக்கும்.

ஜாவாவின் கோட்டுத் துணிகளுக்குப் பொதுவாக லூரிக் என்று பெயர். அதில் ஒவ்வொரு கோட்டு அமைப்புக்கும் பெயர் உண்டு. பெயரே சடங்கில் பாதி வேலையைச் செய்துவிடும். வானவில் துணி தீங்கைத் தடுக்கும் காவல். 'தும்பார் பெச்சா' என்றால் உடைந்த மல்லிவிதை. ஏழாம் மாதக் கர்ப்பிணிக்கு நடக்கும் மித்தோனிச் சடங்கில் அதற்கு இடமுண்டு. விதை உடைவது போல எளிதாகப் பிரசவம் ஆகட்டும் என்ற வேண்டுதல்.

மித்தோனியில் கர்ப்பிணிக்கு ஏழு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடுத்திக் காட்டுவார்கள். விலை உயர்ந்த பாத்திக் ஒவ்வொன்றாக வரும். 'பொருந்துகிறதா?' என்ற கேள்விக்குச் சுற்றியிருக்கும் பெண்கள் 'இன்னும் இல்லை' என்பார்கள். ஏழாவதாக ஒரு சாதாரண லூரிக் வரும்போது 'இப்போது பொருந்துகிறது!' என்று ஒரே குரலில் சொல்வார்கள். தறியில் உட்கார்ந்து முதுகு வலிக்கும் நேரத்தில் எனக்கு இந்தக் காட்சி ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

ஓசிங் ஊர்களில் நீளத்துணி கைமாறுவதைப் பார்க்க ஓலேசாரிக்குப் போக வேண்டும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஏழு நாள் நடக்கும் செப்லாங் ஆட்டத்தில், தன்னிலை மறந்து ஆடும் பெண் தன் மேல்துண்டைக் கூட்டத்துக்குள் வீசுவாள். அது யார் மேல் விழுகிறதோ அவர் மேடையேறி அவளோடு ஆட வேண்டும்.

சரி, முதல் தடவை நெய்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஏறக்குறைய எட்டரை அங்குல அகலமும் இரண்டேகால் மீட்டர் நீளமும் உள்ள தோள்துண்டு. குழந்தையைச் சுமக்கும் செலெண்டாங் இதைவிட இரு மடங்கு அகலம். அது இரண்டாவது முயற்சிக்கு. இந்தத் தறியில் அகலத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது: உட்கார்ந்த இடத்தில் இரண்டு கையும் எட்டும் தூரம். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு துண்டு நெய்து நடுவில் தைக்க வேண்டியதுதான்.

நூல்

2/20 பருத்தி நூல், அதாவது இருபதாம் நம்பர் இரட்டை இழை, 125 கிராம். கணக்குப்படி 90 கிராம் போதும். ஆனால் முதல் தடவை அறுபடும், சிக்கும், வீணாகும். சிவப்பு, கருநீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை ஆகிய ஐந்து நிறம் வேண்டும். குறுக்கே போகும் ஊடை நூலுக்கும் கருநீலமே என்பதால் அதை மட்டும் பாதிக்கு மேல் வாங்குங்கள்.

ஒற்றை இழை வேண்டாம். இந்தத் தறியில் பாவு ஒவ்வொரு ஊடைக்கும் இழுபட்டுத் தளர்ந்து மறுபடி இழுபடும். ஒற்றை இழை அதைத் தாங்காது.

சாயம் நீங்களே போடுவதானால்

பழைய சிவப்பு நுணா வேரின் பட்டையிலிருந்து வந்தது. அங்கே மெங்கூடு என்பார்கள். நம்மூரில் நுணா, மஞ்சணத்தி. அதே குடும்பம், அதே வேர், அதே சிவப்பு. ஆனால் வேரை மட்டும் கொதிக்க வைத்தால் பழுப்புதான் கிடைக்கும். நூல் சிவப்பைப் பிடிக்க அலுமினியம் வேண்டும். இந்தோனேசியத் தீவுகளில் மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் சில மரங்களின் பட்டையை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். நமக்குப் படிகாரம் இருக்கிறது. அதற்கும் முன்னால் நூலை எண்ணெயிலும் சாம்பல் தண்ணீரிலும் மாறி மாறி ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். தெங்கானானில் இந்த ஒரு வேலைக்கே 42 நாள் என்பது கணக்கு. நீலத்துக்கு அவுரி. பச்சை வேண்டுமானால் மஞ்சள் போட்ட நூலை அவுரியில் முக்கி எடுப்பார்கள்.

முதல் துணிக்கு இதில் இறங்காதீர்கள். சாயமேற்றிய நூலை வாங்கி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீளத்தை ஈர வெள்ளைத் துணிக்குள் சுருட்டி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். சிவப்பு கசிந்தால் அந்த நூலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் நெய்தேன். முதல் அலசலில் வெள்ளைக் கோடெல்லாம் ரோஸாகிவிட்டது.

கஞ்சி

காஞ்சிபுரத்துத் தெருக்களில் விடிகாலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜாவாவிலும் சோற்றுக் கஞ்சிதான். ஒரு கைப்பிடி பச்சரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு நீர்க்கச் செய்யுங்கள். வளையமாகச் சுற்றிய நூல் சிட்டத்தைச் சிட்டமாகவே முக்கிப் பிழிந்து, கம்பில் மாட்டி, கீழே இன்னொரு கம்பைக் கனத்துக்குத் தொங்கவிட்டு நிழலில் காயவிடுங்கள். பாதி காய்ந்ததும் உதறிப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாவு நூலுக்கு மட்டும்தான் கஞ்சி, ஊடைக்கு வேண்டாம்.

எறும்பு வரும். சொல்லிவிட்டேன்.

கோட்டுக் கணக்கு

ஜம்பேசாரித் துணியின் கோட்டு வரிசையை நான் இங்கே கொடுக்கப்போவதில்லை. அது அந்தக் குடும்பங்களின் சொத்து. கீழே இருப்பது வானவில் என்ற கருத்தை வைத்து நான் போட்ட கணக்கு.

ஒரு அலகில் 48 இழை: கருநீலம் 16, வெள்ளை 2, மஞ்சள் 8, வெள்ளை 2, பச்சை 8, சிவப்பு 12. இந்த அலகு ஐந்து முறை வந்தால் 240. இடது ஓரத்துக்குச் சிவப்பு 24. வலது ஓரத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்தாவது அலகு ஏற்கெனவே 12 சிவப்பில் முடிகிறது. அங்கேயும் 24 சேர்த்தால் வலது ஓரம் 36 இழையாகத் தடித்துவிடும். 12 மட்டும் சேருங்கள். இரண்டு பக்கமும் 24 ஆகிவிடும். மொத்தம் 276 இழை. ஒரு அங்குலத்துக்கு 32 இழை என்று வைத்தால் எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேல்.

எண்கள் எல்லாம் இரட்டைப்படையாக இருப்பதைக் கவனித்தீர்களா? நூல் ஒருமுறை போய்த் திரும்பினால் இரண்டு இழை. ஒற்றைப்படை எண் வந்தால் நிறம் மாற்றும் முடிச்சு தப்பான முனையில் போய் விழும்.

பாவு ஓட்டுதல்

இரண்டு உறுதியான முளைகள் வேண்டும். நடுவே 3 மீட்டர் 10 சென்டிமீட்டர் இடைவெளி. பெஞ்சைக் கவிழ்த்து அதன் கால்களைப் பயன்படுத்தலாம். நான் மாடிப்படிக் கைப்பிடியில் கட்டினேன். தூர முளைக்கு ஒரு முழம் முன்னால் இன்னும் இரண்டு சின்ன முளைகள். அங்கே நூல் எட்டு வடிவில் குறுக்காகப் பின்னிப் போக வேண்டும். போகும்போது முதல் முளைக்கு மேலாக, இரண்டாவதற்குக் கீழாக; வரும்போது அதற்கு நேர்மாறாக.

இந்தப் பின்னல்தான் பாவின் உயிர். 276 இழையில் எது எதற்குப் பக்கத்தில் என்பதை அதுதான் ஞாபகம் வைத்திருக்கிறது. பாவை முளையிலிருந்து கழற்றும் முன் பின்னலின் இரண்டு பக்கமும் ஒரு கெட்டியான நூலை நுழைத்துக் கட்டிவிடுங்கள். கட்ட மறந்து கழற்றினால் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். வேறு வழி கிடையாது.

ஓட்டும்போது இழுவிசை ஒரே சீராக இருக்க வேண்டும். பாதியில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் கை மாறிவிடும். 138 சுற்றுதான், ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு நிறம் முடியும்போதும் எண்ணிப்பார்த்து, வண்ண நூலால் ஒரு அடையாளம் கட்டுங்கள்.

தறி

இது மரச்சட்டம் இல்லாத தறி. குச்சிகளின் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கழற்றிச் சுருட்டினால் பாய் மாதிரி மூலையில் சாய்த்துவைத்துவிடலாம். நெய்கிறவள் உட்கார்ந்தால்தான் அது தறி.

ஜாவா முறையில் உங்களிடமிருந்து தூரம் போகும் வரிசையில் சொல்கிறேன். முதுகுக்குப் பின்னால் வளைந்த மரப்பட்டை, 'போர்'. மடியில் துணியைச் சுருட்டிக்கொள்ளும் கட்டை, 'அபித்'. நம்மூரில் படைமரம் செய்யும் வேலை. அப்புறம் 'சூரி'; நாம் அச்சு என்போம், பாவை விரித்துப் பிடிக்கும் சீப்பு. பிறகு, இழைகளைத் தூக்கும் நூல் கண்ணிகளை மாட்டிய விழுதுக்குச்சி, அதையடுத்து ஒரு பருத்த மூங்கில் உருளை, பின்னலைக் காக்கும் இரண்டு குச்சிகள், கடைசியில் பாவைச் சுற்றிவைத்த பலகை. பலகையின் இரு முனைகளையும் தாங்க நட்டுவைத்த இரண்டு மரங்கள் 'சாச்சாக்'. கையில் இரண்டு கருவிகள்: அடிக்கும் வாள் 'லீரோ', ஊடை நூல் இருக்கும் மூங்கில் குழல் 'தெரோபோங்'. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துரோவுலான் கற்செதுக்கில் ஒரு பெண் இப்படித்தான் காலை நீட்டி உட்கார்ந்து நெய்கிறாள். இன்றைக்கு அவளைத் தறியில் உட்காரவைத்தால் எதையும் தேடமாட்டாள்.

நம் வீட்டுக்கு: 'போர்' மரப்பட்டைக்குப் பதில் ஐந்து அங்குல அகலமுள்ள கெட்டித் துணிப்பட்டை, அது இடுப்பில் இருக்க வேண்டும், முதுகில் ஏறக்கூடாது. அபித்துக்கு 14 அங்குலத்தில் இரண்டு வழவழப்பான மரக்குச்சிகள். சூரிக்கு அங்குலத்துக்கு 16 பல் உள்ள அச்சு. நெசவுச் சாமான் விற்கும் ஊர்களில் பழைய அச்சின் ஒரு துண்டைக் கேட்டால் கொடுப்பார்கள். உருளைக்கு இரண்டு அங்குலத் தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டு. வாளுக்கு 18 அங்குலத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள தேக்குப் பட்டை. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவினால் எங்கும் பிடிக்காத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். பலகையைத் தூணிலோ சன்னலிலோ கட்டிக்கொள்ளலாம்.

அச்சும் விழுதும்

தூர முனையில் நூல் வளையமாகவே இருக்கட்டும். அதில் ஒரு குச்சியைச் செருகிப் பலகையோடு கட்டுங்கள். கிட்ட முனையை வெட்டி, பின்னலில் இருக்கும் வரிசையிலேயே இழைகளை எடுத்து அச்சில் கோருங்கள். பல்லுக்கு இரண்டு இழை, 138 பல். அதாவது ஒரு சுற்று ஒரு பல்லுக்குள். கோர்த்து முடித்ததும் கொத்துக் கொத்தாக முன்குச்சியில் கட்டி, பாவைப் பலகையில் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு தடித்த தாளை வைத்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.

இனி விழுது. பின்னலின் ஒரு பக்க இழைகள் உருளைக்கு மேலாகப் போக வேண்டும். கீழே போகும் இழைகளை, உருளைக்கு முன்னால், ஒவ்வொன்றாக நூல் கண்ணியில் பிடித்து மேலே ஒரு குச்சியில் மாட்ட வேண்டும். 138 கண்ணி. எல்லாம் ஒரே உயரம் இருக்க, மூன்று விரலை அணைத்துவைத்து அதன்மேல் சுற்றிக் கட்டுங்கள். கண்ணிக்குக் கெட்டியான, வழுக்கும் நூல் நல்லது. பாவு நூலையே பயன்படுத்தினால் உரசி உரசிப் பஞ்சாகும். அவசரப்படாமல் செய்தால் இரண்டு மணி நேர வேலை. பக்கத்துப் பக்கத்து இழை இரண்டும் ஒரே கண்ணியில் மாட்டியிருக்கிறதா என்று ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெய்ய ஆரம்பித்த பிறகு தெரிந்தால் அந்த வாய்க்கால் துணி முழுக்க ஓடும்.

நெய்தல்

தரையில் பாயைப் போட்டு, காலை நீட்டி, பாதத்தை ஏதாவது கட்டையில் முட்டுக்கொடுத்து உட்காருங்கள். பட்டையை இடுப்பில் சுற்றி அபித்தில் மாட்டுங்கள். பின்னால் சாயுங்கள். பாவு விறைக்கும். முன்னால் சாயுங்கள். தளரும். இந்தத் தறியில் மிதிகட்டை இல்லை. இழுவிசை முழுவதும் உங்கள் இடுப்பில் இருக்கிறது. மூச்சு விடுவதுகூடப் பாவில் தெரியும்.

ஊடை நுழைய இழைகளுக்கு நடுவே திறக்கும் இடைவெளிக்கு வாய் என்று பெயர். முதல் வாய்: பின்னால் சாய்ந்து, உருளையை விழுதுக்குச்சிக்கு அருகே இழுங்கள். உருளைக்கு மேலுள்ள இழைகள் எழும்பும். அச்சுக்கு முன்னால் திறக்கும் இடைவெளியில் வாளை நுழைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஊடையை அனுப்புங்கள். வாளைப் படுக்கவைத்து உங்கள் பக்கமாக அடியுங்கள்.

இரண்டாம் வாய்: உருளையைப் பின்னால் தள்ளுங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து பாவைத் தளர்த்தி, விழுதுக்குச்சியை உயர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும் இழைகளை உள்ளங்கையால் தட்டிப் பிரியுங்கள். வாளை நுழையுங்கள், சாய்ந்து விறைப்பாக்குங்கள், நிறுத்துங்கள், ஊடை, அடி.

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதே இரண்டும் மாறி மாறி. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யாரோ தொழுவது போலத் தெரியும்.

முதல் நாலைந்து வரிக்குத் தடித்த நூலைக் கொடுத்து நெய்தால் கொத்துக் கட்டிய இடைவெளிகள் மூடிச் சமமாகும். பிறகு அதை உருவி விடலாம். ஊடை நூலை இழுத்துப் பிடிக்காமல், வாய்க்குள் கொஞ்சம் வளைத்துவிட்டு அடியுங்கள். நேராக இழுத்தால் ஓரம் உள்ளே வாங்கிக்கொண்டே போய், எட்டரை அங்குலத்தில் ஆரம்பித்த துண்டு ஆறில் முடியும். ஜாவாவில் துணியின் அகலத்தை விரித்துப் பிடிக்க மூங்கில் சிம்பு ஒன்றை இரு ஓரத்திலும் குத்தி வைப்பார்கள். அதன் பெயர் சும்பி. ஊடை ஒரு அங்குலத்துக்கு 28 வரி வந்தால் போதும்; கோடுகள் தெளிவாக நிற்கும்.

ஊடையின் நிறம் துணியின் முகத்தையே மாற்றிவிடும். வெள்ளை கொடுத்தால் ஐந்து நிறமும் வெளிறிப் போகும். கருநீலம் கொடுத்தால் மஞ்சளும் பச்சையும் அடங்கி, மழை மேகத்துக்கு முன்னால் நிற்கிற வானவில் மாதிரி இருக்கும். அதனால்தான் கருநீலம் கேட்டேன்.

மேற்கு ஜாவாவில் தாயாங் சும்பி என்று ஒரு நெசவுக்காரியின் கதை இருக்கிறது. நெய்துகொண்டிருக்கும்போது அவளுடைய ஊடைக்குழல் கீழே விழுந்துவிடுகிறது. எடுத்துக் கொடுப்பவனையே மணப்பேன் என்கிறாள். எடுத்துவந்தது ஒரு நாய். அதிலிருந்துதான் தங்குபான் பெராகூ எரிமலை உண்டான கதை கிளைக்கிறது. சோம்பேறித்தனத்தால் வந்த வினை என்று கதை சொல்பவர்கள் சொல்வார்கள். இடுப்புத் தறியில் ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இடுப்பில் பட்டை, மடியில் கட்டை, முன்னால் விறைத்த பாவு. எழுந்தால் மொத்தமும் குலையும். தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்லத்தான் தோன்றும். நீங்கள் முன்யோசனையாக இரண்டு குழல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் போனும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முக்கால் மணிக்கு ஒருமுறை பட்டையைக் கழற்றி எழுந்து நடங்கள். புதுக்கைக்கு ஒரு மணிக்கு நாலைந்து அங்குலம் வந்தாலே நல்ல வேகம்.

கோளாறுகள்

இழை அறுந்தால் அதே நிறத்தில் ஒரு முழம் நூலை எடுத்து, அறுந்த முனையோடு பின்பக்கம் முடிந்து, அச்சுப் பல்லில் கோர்த்து, துணியில் குண்டூசி குத்தி அதில் சுற்றிவிடுங்கள். பிறகு ஊசியால் உள்ளே செருகலாம். ஒரு பக்கம் மட்டும் துணி சாய்வாக ஏறினால் தறியில் குறை தேட வேண்டாம். நீங்கள் ஒரு இடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வாய் திறக்காமல் இழைகள் பஞ்சாக ஒட்டினால் கஞ்சி போதவில்லை என்று அர்த்தம். நீர்த்த கஞ்சியை விரலால் தொட்டுத் தடவி, விசிறிக் காயவைத்துத் தொடரலாம்.

கடைசி ஒரு அடியில் வாய் சுருங்கிவிடும்; வாளை நிறுத்த இடம் இருக்காது. அதோடு விட்டுவிடுங்கள். மீதிப் பாவுதான் குஞ்சம்.

இறக்குதல்

இரு முனையிலும் எட்டு அங்குலம் விட்டு அறுத்து, பன்னிரண்டு இழைக்கு ஒரு குஞ்சமாக முறுக்கி முடியுங்கள். 276க்கு 23 குஞ்சம், மீதி வராது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் கஞ்சி போய் இழைகள் ஒன்றோடு ஒன்று சேரும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

அங்கே போய் வாங்குவதானால்

1920களில் பாண்டுங் நெசவுக் கழகம் வேகமான மிதித்தறி ஒன்றை வடிவமைத்துப் பரப்பியது. கடைகளில் 'கைத்தறி' என்று கிடைப்பதில் பெரும்பாலும் அந்தவகை மிதித்தறித் துணிதான். அதுவும் கைவேலைதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கெடோகான் விலைக்கு அதை வாங்கக்கூடாது. அகலத்தைப் பாருங்கள். ஒரே துண்டாக ஒரு மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் அது இடுப்பில் நெய்ததில்லை. கோட்டைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததென்றால் வெளிறித் தெரியும், நெய்ததில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிறகு ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கெடோகான் ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்காது. கையகலத்துக்கு ஒருமுறை மெல்ல வாங்கி மெல்ல விரியும். நெய்தவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பட்டையைக் கட்டிக்கொண்ட இடங்கள் அவை.